பயிற்சி கொடுத்தால் போதுமா? தொழில்நுட்பர்களிடையே பயன்பாட்டு எளிமையைக் கொண்டுசெல்வது பற்றி

கேள்வி: திருப்பூர் வாசகர், ஜூன் 3

பனியன் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் உற்பத்திக் கணக்கும் பார்க்கும் மென்பொருளை எழுதித்தரும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இதே தொழிலில் இருப்பவர்களும், மோட்டார்களுக்கும் இயந்திரங்களுக்கும் கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர்களும் ஒரு சங்கமாக மாதம் ஒருமுறை கூடுவது வழக்கம். சென்ற கூட்டத்தில் பயன்பாட்டு எளிமை பற்றியும், பயனரை மையமாக வைத்து வடிவமைப்பது பற்றியும் பேச அரை மணி நேரம் கேட்டுப் பெற்றேன். பேசி முடித்ததும் மூத்தவர் ஒருவர், "இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிக்குங்க தம்பி, நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் கொடுத்தா எந்த ஸ்கிரீனும் பழகிக்குவாங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு ஜி.எஸ்.டி. பேச்சுக்குப் போய்விட்டார்கள். மறுபடியும் முயல்வதா, விட்டுவிடுவதா?

ஜூன் 3, இரவு

விட வேண்டாம். ஆனால் மறுபடியும் அரை மணி நேரம் கேட்டு வாங்கிப் பேசவும் வேண்டாம்.

பயிற்சி போதும் என்னும் வாதம் பழையது, அதற்கான பதிலும் பழையது. இரண்டாம் உலகப் போரில் பி-17 முதலான அமெரிக்க விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடலை உள்ளிழுப்பதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிடும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. அவர்களைவிடக் கடுமையான பயிற்சி பெற்றவர்கள் அந்நாளில் யாரும் இருந்திருக்க முடியாது. ஆல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தபோது, இரண்டு வேலைக்குமான கைப்பிடிகளும் அருகருகே, ஒரே உருவில் இருந்தன. சக்கரக் கைப்பிடியின் நுனியில் சக்கர வடிவமும் மடல் கைப்பிடியின் நுனியில் ஆப்பு வடிவமும் பொருத்தியதும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. பின்னர் 1947-இல் ஆய்வாளர்களான பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 'விமானியின் தவறு' என்று பதிவான 460 நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலாக மற்றொன்றைப் பிடித்ததால் நேர்ந்தவை.

மூத்தவரிடம் இதைச் சொன்னால் விமானம் வேறு, பனியன் வேறு என்பார். அதனால் இதைச் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் கலங்காமல் இருப்பதற்காக எழுதினேன்.

ஜூன் 4

காலையில் மீண்டும் படித்தபோது, உங்கள் மூத்தவர் தம்மை அறியாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் என்று தோன்றியது. 'நம்ம ஆளுங்க' என்று அவர் சொன்னது யாரை?

பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட 9241 தரத்தின் 11-ஆம் பகுதி 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட இலக்குகளை எந்த அளவுக்குச் சரியாகவும் வீண் உழைப்பின்றியும் மனநிறைவோடும் அடைகிறார்கள் என்பதே பயன்பாட்டு எளிமை என்று அது சொல்கிறது. 'குறிப்பிட்ட' என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் போட்டிருக்கிறார்களே, அதைக் குறிப்பிடுவது யார்? நம் பகுதியில் காசு கொடுப்பவர் முதலாளி, திரையைப் பார்ப்பவர் சூப்பர்வைசர், அந்தத் திரையில் விழும் எண்ணால் வாழ்பவர் டெய்லர். மென்பொருள் எழுதுகிறவர் மூவரில் முதலாளியை மட்டுமே சந்தித்திருப்பார், அதுவும் குளிரூட்டிய அறையில்.

திருப்பூரில் வேலை செய்யும் எவரையும் நேற்று எவ்வளவு வேலை என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் பதில் வராது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்குமேல் நான்கு மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட் என்றுதான் ஊரே கணக்கு வைத்திருக்கிறது. நான் பார்த்த சம்பள மென்பொருள் ஒன்றில், வந்த நேரமும் போன நேரமும் மட்டுமே பதிய முடியும். மிகுதி நேரத்தை அது தானே மணியாகப் பிரித்து வேறொரு பத்தியில் போட்டுக்கொள்ளும். கணக்குப் பார்க்கும் பெண், ஆள் நின்றது ஒன்றரை ஷிப்ட் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்படி ஒரு போன நேரத்தைத் தாமே கற்பித்துத் திரையில் ஏற்றுவார். சனிக்கிழமைச் சம்பளம் சரியாகவே வந்தது. நேரப் பதிவு முழுவதும் பொய்யாக இருந்தது. வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கையாளர் வந்து அந்தப் பதிவைக் கேட்டபோதுதான் நிறுவனத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? பொருந்தாத ஒரு திரையைத் தாமாகவே பொருந்தவைக்கும் அளவுக்கு அவர் தேர்ந்திருந்தார்.

ஜூன் 5

ஈரோட்டு நண்பர் ஒருவர், தங்கள் மென்பொருளில் 'உதவி' என்றொரு பொத்தான் இருப்பதாகவும், அதை இதுவரை எவரும் அழுத்தியதில்லை என்பதால் எவருக்கும் உதவி தேவைப்படவில்லை என்றே நிர்வாகம் முடிவு செய்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். பொத்தானை அழுத்தாதவர்கள் எல்லோரும் அவருடைய கைப்பேசிக்குத்தான் அழைக்கிறார்களாம்.

ஜூன் 8

பேச வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். செய்பவரை அழைத்துக்கொண்டுபோய், பயன்படுத்துபவர் பக்கத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பார்க்கச் செய்யுங்கள். தொழில்நுட்பர்கள் கூட்டத்தில் இந்தக் கருத்து பரவுவதற்கு இதைவிட விரைவான வழியை நான் கண்டதில்லை. தம் கையால் எழுதிய திரையின் முன்னால் ஒருவர் திணறுவதைப் பதினைந்து நிமிடம் சும்மா இருந்து பார்த்தவர், அதன்பிறகு எந்தச் சொற்பொழிவும் இல்லாமலே மாறிவிடுகிறார். 1985-இல் ஆய்வாளர்களான கூல்டும் லூயிஸும் எழுதிய மூன்று கொள்கைகளும் இதையே சொல்கின்றன: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் வேலையையும் நேரில் அறிய வேண்டும், பயன்படுத்தவிட்டு அளக்க வேண்டும், கண்ட குறைகளைத் திருத்தி மறுபடியும் அளக்க வேண்டும். மூன்றும் யாருக்கும் மறுக்கத் தோன்றாதவை. ஆனால் அப்போதே, வடிவமைப்பாளர்களைக் கேட்டுப் பார்த்ததில், மூன்றையும் தாமாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது நம் மரியாதை. கொங்கு நாட்டில், வீடு தேடி வந்தவரிடம் அவர் செய்த பொருள் சரியில்லை என்று முகத்துக்கு நேராக எவரும் சொல்வதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்குது, ஒண்ணும் சிரமமில்லைங்க" என்றுதான் பதில் வரும். சொல்லும்போதே கை தவறான இடத்தை மூன்றாம் முறையாக அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே, கேள்வித்தாளை நம்பாதீர்கள். பயன்பாட்டு எளிமையை அளக்க 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள், எனக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு கூற்று பாராட்டாகவும் அடுத்த கூற்று குறையாகவும் மாறிமாறி வரும். முதலாளியும் அருகில் நிற்க, அதைத் தமிழாக்கிக் கையில் கொடுத்தால், நம் மக்கள் பாராட்டுக்கும் சரிங்க, குறைக்கும் சரிங்க என்றுதான் குறியிடுகிறார்கள். வாயை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது, எப்போது பக்கத்து மேசையை நோக்கிக் கண் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செய்துகொண்டே மனத்தில் ஓடுவதைச் சொல்லச் சொல்லும் முறையும் இங்கே தனியாளிடம் எளிதில் நடப்பதில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வது கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பழகிய இருவரைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டால், பேச்சு தானாக வந்துவிடும். "இதை அமுக்காதக்கா, எல்லாம் போயிரும்" என்று ஒருவர் எச்சரித்தால், அந்த ஒரு வரியில் உங்கள் அறிக்கை பாதி முடிந்தது.

முதலாளியை அந்த நேரத்தில் ஷெட்டைவிட்டு வெளியே அழைத்துப்போவதற்கு ஒரு ஆள் வேண்டும். டீ வாங்கித் தரலாம்.

ஜூன் 9

எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஐந்து என்று எல்லோரும் சொல்கிற எண், ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் கொடுத்த ஒரு கணக்கிலிருந்து வந்தது. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிப்படுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும். சராசரியாக என்ற சொல்லையும், ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெருந்துறையிலிருந்து எழுதிய ஒருவர் இதை என்னைவிடக் கூர்மையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஐந்து பேரையும் சரியாகத்தான் பார்த்தார்கள், ஐவரும் உள்ளூர்க்காரர்கள். ஆனால் அதே தளத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ்த் திரையும் ஒன்றுதான், ஆங்கிலத் திரையும் ஒன்றுதான். பொத்தானின் இடத்தை வைத்தே மனப்பாடமாக அழுத்திக்கொண்டிருந்தவர்கள், அடுத்த பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறியதும் ஒரு வாரம் திண்டாடினார்கள். எழுத்தை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுங்கள், இடத்தை மட்டும் காரணமில்லாமல் மாற்றாதீர்கள் என்கிறார். இதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 14

கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர்களும் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன், சற்று நீளும்.

1979 மார்ச் 28-ஆம் நாள் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் ஒரு அழுத்தத் தணிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. பலகையிலிருந்த விளக்கோ, மூடுவதற்கான கட்டளை போய்விட்டதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதற்கும் அந்த விளக்கிற்கும் தொடர்பே இல்லை. இயக்குநர்கள் மூடிவிட்டது என்றே நம்பினார்கள். அணு உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகியது. கருவிகளைச் செய்பவர்கள் மனிதரும் கருவியும் சேர்ந்து எப்படி இயங்குகிறார்கள் என்று ஆராயும் மனிதக் காரணிகளைத் தனி இயலாக எடுத்துப் படிக்க வேண்டியதன் தேவையை அந்த விபத்து உணர்த்தியது.

இப்போது நம் தோட்டத்துக்கு வாருங்கள். மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டாரைப் போட வேண்டும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம். அதற்காகவே, கைப்பேசியில் அழைத்து ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர்கள் வந்தன. கோயம்புத்தூரைச் சுற்றியே பலர் செய்கிறார்கள், நல்ல பொருள்தான். ஆனால் நான் பார்த்த சில கருவிகளில், 'மோட்டார் ஆன்' என்று பதிவுசெய்த குரல் சொல்லும்போது அது சொல்வது கான்டாக்டருக்கு, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சுக்கு, கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே. போர்க்குழியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், ஃபுட் வால்வில் காற்று வாங்கியிருக்கலாம், பைப் கழன்றிருக்கலாம். தோட்டக்காரருக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று, தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்பது. அதைத் தெரிந்துகொள்ள அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய்ப் பார்க்கிறார். இப்படி நடக்காமல் இருப்பதற்காகத்தான் அந்தக் கருவியையே அவர் வாங்கினார்.

மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளந்து, தண்ணீர் இல்லாத வெறும் ஓட்டம் என்றால் நிறுத்திவிடும் வசதி பல கருவிகளில் முன்பே உண்டு. அதாவது, தண்ணீர் வருகிறதா என்று ஓரளவு ஊகிக்கக்கூடிய தகவல் பலகைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தோட்டக்காரரின் காதுக்குக் கொண்டுபோகும் எண்ணம்தான் செய்பவருக்கு வரவில்லை. இது பொருட்செலவு பற்றிய கேள்வியே இல்லை. ஓர் இரவு தோட்டத்துச் சாளையில் தங்கினால் விளங்கிவிடும்.

ஜூலை மாதத்தில் கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி நடக்கும், விவசாயிகள் திரளாக வருவார்கள். உற்றுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்துப் போனால், கடைக்கு நிற்கும் விற்பனையாளர் வந்தவரைத் தொடவிடாமல் எல்லாப் பொத்தானையும் தாமே அழுத்திக் காட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் டீதான் வழி.

ஜூன் 15

"இது நம் ஊர்ச் சரக்கே இல்லை, இறக்குமதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் கிரைண்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாவரைக்கும் கிரைண்டரை 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் செய்தார். அதன்பின் அது என்னவெல்லாம் ஆயிற்று? குழவியைத் தூக்க முடியவில்லை என்றார்கள், மாவை வழிக்கக் குனிய முடியவில்லை என்றார்கள். சாய்த்து மாவெடுக்கும் வகை வந்தது, மேசைமேல் வைக்கும் சிறிய வகை வந்தது. எந்தக் கருத்தரங்கமும் நடக்கவில்லை. வாங்கும் வீடும் அரைக்கும் கையும் ஒன்றாக இருந்தன, குறை சொல்ல வேண்டியவர் கடைக்கு நேரே வந்து சொன்னார், பட்டறைக்காரர் காதில் அது விழுந்தது. வாங்குபவரும் பயன்படுத்துபவரும் வேறுவேறாகும் இடத்தில்தான் இந்த வழி அடைபடுகிறது. சம்பள மென்பொருள், தறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மருத்துவமனை டோக்கன் இயந்திரம் எல்லாம் அந்த இடத்தில் இருப்பவை.

ஆகவே ஜூன் 8-இல் எழுதிய 'போய்ப் பாருங்கள்' என்பதோடு, அடைபட்ட இந்த வழியை ஒவ்வொரு பொருளிலும் எங்கே திறக்கலாம் என்று உங்கள் கூட்டத்தார் யோசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

சங்கத்தில் எடுபடுவதற்குப் பணக் கணக்குச் சொல்லலாமா? சொல்லலாம், அதுதான் முதலில் எடுபடும். ஒவ்வொருவரும் தங்கள் சர்வீஸ் அழைப்புப் பதிவேட்டைக் கொண்டுவரட்டும். பழுது என்று வந்த அழைப்புகளை ஒரு பக்கமும், 'இதை எப்படிச் செய்வது' என்று வந்த அழைப்புகளை மறுபக்கமும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பிய ஆளின் பெட்ரோல் காசையும் பாதி நாள் சம்பளத்தையும் அவர்களே கூட்டிக்கொள்ளட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதி அனுப்பிய பிறகு ஒரு நெருடல் வந்தது. பணக் கணக்கு எதுவரை துணைக்கு வரும்? முதலாளியின் ஆதாயமும் பயனரின் எளிமையும் ஒரே பக்கம் இருக்கும்வரை வரும். பவர் டேபிள் எனும் தையல் இயந்திர வரிசையில், உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். தாம் எத்தனை பீஸ் முடித்தோம் என்று அவருக்குத் தெரிவது சிறிய நோட்டில் தாமே போட்டுக்கொள்ளும் கோடுகளால்தான். மென்பொருளில் அந்த எண் இருக்கிறது, கான்ட்ராக்டர் பார்க்கிறார், முதலாளி பார்க்கிறார். தைத்தவருக்குக் காட்டும் திரை மட்டும் இல்லை. அதைச் சேர்ப்பதால் முதலாளிக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை, சனிக்கிழமை வாக்குவாதம் கூடினாலும் கூடும். சேர்க்கச் சொன்னால் எவர் கேட்பார்?

பயனர் மைய வடிவமைப்புக்கான தரம் 1999-இல் 13407 என்ற எண்ணில் வந்து, 2010-இல் 9241-இன் 210-ஆம் பகுதியாக மாறி, 2019-இல் மீண்டும் திருத்தப்பட்டது. பயனரைத் தவிர, பொருளால் பாதிக்கப்படும் மற்றவர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தைப்பவர் அந்த மென்பொருளைத் தொடுவதே இல்லை, ஆனாலும் அவர் அதற்குள் இருக்கிறார். காசு கொடுப்பவரை மட்டும் எண்ணி வடிவமைத்துவிட்டு அதற்குப் பயனர் மையம் என்று பெயரிட்டால், அது விற்பனைப் பேச்சுக்கு மேல் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. உங்கள் சங்கத்தில் இதை முதல் கூட்டத்தில் எழுப்பாதீர்கள், ஆனால் எழுப்பாமலே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர், ஜூன் 28

போனோம். சூப்பர்வைசர் அக்கா ஒருவர் பண்டில் கணக்கை, அதாவது கட்டுக்கட்டாக வரும் துணித் துண்டுகளின் கணக்கை, ஏற்றுவதைப் பார்த்தோம். மூத்தவரும் வந்தார், பேசக்கூடாது என்று வாக்கும் வாங்கியிருந்தோம். நான்காவது நிமிடத்தில் அவருடைய கை மவுஸை நோக்கித் தானாக நீண்டுவிட்டது. திரும்பி வரும்போது காரில் பயிற்சி பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, 'அந்தப் பெட்டி ஏன் அங்கே இருக்கிறது' என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அந்தப் பெட்டியை அங்கே வைக்கச் சொன்னவர் அவரேதான். சங்கத்தில் இதற்கென ஒரு துணைக்குழு அமைத்து, நவம்பர் மாதம் உலகப் பயன்பாட்டு எளிமை நாளன்று விழா எடுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஜூன் 28, இரவு

அந்த நாளை 2005 முதல் உலகின் பல ஊர்களில் கொண்டாடுகிறார்கள், வழக்கமாக நவம்பரின் இரண்டாம் வியாழக்கிழமையில். அதைத் தொடங்கிய தொழில்முறைச் சங்கம் 1991-இல் பிறந்தது, 2012-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது. விழா எடுங்கள், தவறில்லை. ஆனால் குத்துவிளக்கும் பொன்னாடையும் போக நேரம் மிஞ்சினால், அங்கேயே ஒரு ஸ்டார்ட்டரை மேசையில் வைத்து, அதை முன்பின் பார்த்திராத ஒரு தோட்டக்காரரை அழைத்து எல்லோர் கண் முன்னாலும் இயக்கச் சொல்லுங்கள். அவரைச் சோதிக்கவில்லை, பெட்டியைத்தான் சோதிக்கிறோம் என்று மேடையிலேயே சொல்லிவிடுங்கள்.

துணைக்குழு வேண்டாம். போய்ப் பார்த்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எங்கே தடுக்கியது, யார் திருத்துவதாக ஏற்றார், எப்போது. அடுத்த மாதக் கூட்டம் அந்தப் பக்கத்தைப் படிப்பதில் தொடங்கட்டும்.

ஜூன் 29

சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்: பீஸ் ரேட்டில் இருப்பவரைச் சோதனைக்கு உட்காரவைத்தால் அந்த நேரத்தின் கூலி யார் பொறுப்பு? பார்க்கப் போகிறவர்களின் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வழக்கமாக எத்தனை பீஸ் முடிப்பார் என்று அவரிடமே கேட்டு, அதற்கான காசை உட்காருவதற்கு முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கான்ட்ராக்டர் வழியாகக் கொடுக்காதீர்கள். இடையில் எழுந்து போக நினைத்தாலும் காசு அவருடையதுதான் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்காமல் அவர் எழுந்து போகமாட்டார்.